நிற்கத் தெரிந்த வண்டி

"நின்னுச்சு பாத்தியா மேரி!"

என் கணவர் இன்னாசி இப்படிச் சொன்னபோது எங்கள் காரின் மூக்குக்கும் ஒரு பெண்ணின் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. இடம் அய்யலூர். ஆட்டுச் சந்தை நாள். அந்த அம்மாள் கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு கிடாய், கிடாய்க்குப் பின்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு அதன் சொந்தபந்தம் அத்தனையும். எல்லாரும் அசையாமல் எங்களையே பார்த்தார்கள்.

இன்னாசி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் அவர்; நானும் டீச்சர்தான். தான் பழக்கிய மாணவன் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தால் எப்படிச் சிரிப்பாரோ அப்படி ஒரு சிரிப்பு.

பின் சீட்டில் எங்கள் மகள் ஸ்டெல்லா. லீவு முடிந்து திருச்சியில் கல்லூரி விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து டமாரென்று ஓர் இடி.

எங்கள் வண்டி நின்றது உண்மைதான். ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்த தக்காளி வேனுக்கு யாரும் புது பிரேக் மாட்டியிருக்கவில்லை.

எங்கள் கார் இப்படிப் பட்டென்று நிற்கப் பழகிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சப்பர காலம்

போன வாரம் நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வீடுகள் எதிலும் கார் நிறுத்த இடம் கிடையாது. அதனாலேயே எங்களிடம் கார் இல்லை என்று இன்னாசி பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் திண்டுக்கல்லில் சொந்தமாக வீடு கட்டியதும் அந்தச் சாக்கு போய்விட்டது. வீட்டுப் புகைக்கூண்டில் புகை படிவதற்குள் கார் வந்துவிட்டது.

அது நாலு வழிச் சாலை எல்லாம் வருவதற்கு முந்திய காலம். கார் எங்களுக்குப் புதிது, உலகத்துக்குப் பழையது. எங்கள் கைக்கு வரும் முன்பே மூன்று குடும்பங்களைப் பார்த்துவிட்ட சின்ன கார். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்ததால் நாங்களும் வெள்ளை என்றே சொல்லிவந்தோம்.

அதற்கு பிரேக் உண்டு. ஆனால் ஒரு மிதியில் பிடிக்காது. முதல் மிதி மிதித்தால் பெடல் தரைவரை போய் வரும். இரண்டாவது மிதியில் வண்டி யோசிக்கும். மூன்றாவதில் சம்மதிக்கும். கை பிரேக் வெறும் அலங்காரம். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். அந்தக் கல் என் காலடியில் எப்போதும் இருக்கும். வண்டி நின்றதும் முதலில் குதித்து இறங்கி அதை வைப்பது என் வேலை. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கல்யாண மண்டப வாசலில் கல்லோடு இறங்கிய பெண் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஷாக் அப்சார்பர் என்று நான்கு இருந்ததாக ஐதீகம். ஆள் ஏறினால் வண்டி தரையோடு படுத்துவிடும். வேகத்தடை வந்தால் இன்னாசியைத் தவிர எல்லாரும் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வோம். எங்கள் பக்கத்து வேகத்தடைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோடு போடுவது அரசாங்கம். வேகத்தடை போடுவது அந்தந்தத் தெருவின் முக்கியஸ்தர். தடையின் உயரத்தை வைத்தே அவருடைய செல்வாக்கை அளந்துவிடலாம். கன்னிவாடியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போய் வருவதற்குள் பாதி தூரம் நடந்தே முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் இன்னாசியைப் போல வண்டி ஓட்டியவர் யாரும் கிடையாது. வண்டி நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் திருவிழாச் சப்பரம் போல ஓட்டுவார். தூரத்தில் ஓர் ஆடு தெரிந்தாலே போதும், கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஜன்னல் வழியாக ஊதிவிடுவார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பின் சீட்டில் ஸ்டெல்லா பரீட்சைக்குப் படிப்பாள். நான் கீரை ஆய்ந்துகொண்டு வருவேன். ஒரு குருவியைக்கூட அவர் பயமுறுத்தியதில்லை.

காஜா பாயின் சபதம்

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் காஜா பாய். பேகம்பூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கை நிறைய வேலையும் வாய் நிறையப் பேச்சும் உள்ள மனிதர். ஆயில் மாற்றுவதற்கென்று போன வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இறங்கும்போதே தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இதுல டீச்சரையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டா போறீங்க? அல்லா காப்பாத்திக்கிட்டு இருக்கான். இதுல பிரேக்குன்னு ஒண்ணுமே இல்லையே."

"மூணு மிதியில நின்னுரும் பாய்."

"மூணாவது மிதி மிதிக்கிற வரைக்கும் எதிர்ல வாரவன் காத்துக்கிட்டு இருப்பானா?"

இந்தக் கேள்வி இன்னாசியின் மனதில் தைத்துவிட்டது. பாய் விடவில்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக், பெடலை லேசாக்க ஒரு பூஸ்டர், நாலு சக்கரத்துக்கும் கேஸ் ஷாக் அப்சார்பர், ரேஸ் வண்டிகளுக்குப் போடும் கட்டி ஸ்பிரிங். ஸ்பிரிங் தவிர எல்லாமே இதே காரின் பிந்தைய மாடலில் வருவதுதான், மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைக்கும், தானே நேரில் போய்ப் பார்த்து எடுத்து வருகிறேன் என்றார்.

"நான் மாட்டிக் கொடுத்தேன்னா ஒரு ரூவா காசு மேல நிறுத்துங்கன்னா நிக்கும் மாஸ்டர். நிக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

வீட்டுக்கு வந்த இன்னாசி என்னிடம் கேட்டது அனுமதி அல்ல, ஆசீர்வாதம். "உங்க ரெண்டு பேர் உசுரு முக்கியமில்லையா மேரி?" என்றார். உயிர் முக்கியமில்லை என்று எந்தப் பெண் சொல்வாள்? நானும் தலையாட்டிவிட்டேன்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களில் இன்னாசி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவார். வெள்ளை டீ சர்ட்டில் கிரீஸ் கறையோடு திரும்புவார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இட்லியை டிஸ்க்காக்கி, இரண்டு விரல்களை அதைக் கவ்வும் பேடாக்கி, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று எங்களுக்குப் பாடம் நடத்துவார். ஸ்டெல்லா அந்த இட்லியை வாங்கித் தின்றுவிடுவாள்.

கொக்கும் மணல் மூட்டையும்

வந்து நின்ற வண்டியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டி ஸ்பிரிங்கின் மேல் கொக்கு மாதிரி தூக்கி நின்றது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. தெருமுனையில் ஒரு வேகத்தடை. பழைய பழக்கத்தில் நான் கதவைத் திறக்கப் போனேன்.

"உக்காரு மேரி. இனிமே நீ எங்கயும் இறங்க வேண்டாம்" என்றார் இன்னாசி. அதன் மேல் ஏறி இறங்கினார். வண்டியின் அடி தட்டவில்லை. என் தலைதான் தட்டியது.

அன்றே பாயிடம் போனோம். அவர் அசரவில்லை. "அது லோடு கேக்குற ஸ்பிரிங்கு டீச்சர். வீட்ல ஆளு கம்மி. வேற ஒண்ணுமில்ல" என்றார். குறை எங்கள் குடும்பத்தில்தான் என்று முடிவாகிவிட்டதால், டிக்கியில் இரண்டு மணல் மூட்டைகள் ஏறின. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஊரெல்லாம் மணலைச் சுமந்து திரிந்தது எங்கள் குடும்பம்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாய் சொன்னது அப்படியே பலித்தது. பெடலில் கால் பட்டதும் வண்டி சுவரில் மோதியது போல நின்றது. கன்னிவாடிக்குப் பூசை வைக்கக் கிளம்பிய எங்கள் பங்குச் சாமியாரை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போனோம். ஏறும்போது வண்டியை ஆசீர்வதித்தார். இறங்கும்போது கடவுளுக்கு நன்றி சொன்னார். பூசை முடிந்து தேடினால் ஆளைக் காணோம். பஸ்ஸில் போய்விட்டதாக, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாதது இன்னாசியிடம் வந்த மாற்றம்.

நிற்காத வண்டியை அவ்வளவு பதமாக ஓட்டிய மனிதர், நிற்கிற வண்டி கிடைத்ததும் பறக்க ஆரம்பித்துவிட்டார். விசில் வீட்டு ஆணியில் தொங்கியது. முன்னால் லாரி நின்றாலும், மாடு போனாலும், அதன் பக்கத்தில் போகும்வரை பெடலில் கால் வைக்க மாட்டார். "என்னங்க, மெதுவா" என்றால் "அதான் பிரேக் இருக்குல்ல மேரி" என்பார். அதை ஓங்கி மிதிக்காமல் வைத்திருப்பது வீண் என்று நினைத்தாரோ என்னவோ! நான் கீரை ஆய்வதை விட்டுவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஸ்டெல்லா புத்தகத்தை மூடிவிட்டு முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தக்காளி

அப்படித்தான் அந்தச் சந்தை நாளில் அய்யலூருக்குள் நுழைந்தோம். ஆடுகள் ரோட்டைக் கடப்பது தூரத்திலேயே தெரிந்தது. நான் "ஆடு, ஆடு" என்று கத்தினேன். "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார். பார்த்துக்கொண்டே போய், கடைசி நொடியில் மிதித்தார்.

வேன் மோதியதும் தக்காளிப் பெட்டிகள் சரிந்து ரோடெல்லாம் பழம் சிவப்பாக உருண்டது. கிடாயின் சொந்தபந்தம் பயத்தை மறந்து பந்திக்கு வந்துவிட்டது. வேன் டிரைவர் ஆடுகளைப் பார்த்து அலற, ஆட்டுக்காரர்கள் டிரைவரைப் பார்த்து அலற, இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்களைப் பார்த்து அலறினார்கள்.

நான் பின்னால் திரும்பினேன். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கு நடுவே ரத்தம். பிரேக் போட்டபோது முன் சீட்டின் கம்பியில் வாய் மோதியிருக்கிறது. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று பாதி உடைந்து மடியில் கிடந்தது.

"என்னங்க, பிள்ளைக்கு ரத்தம்!"

இன்னாசி கீழே இறங்கியிருந்தார். குனிந்து, ரோட்டில் டயர் தேய்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. கூடியிருந்தவர்களிடம், "இங்க மிதிச்சேன், இங்க நின்னுருச்சு, பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சாணில் தப்பிய அந்த ஆட்டுக்கார அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏய்யா, ஒனக்கு அறிவிருக்கா? நிக்கிற வண்டின்னா அந்தா, அந்தப் புளிய மரத்துக்கிட்ட நிக்கணும். என் வயித்துல வந்தா நிக்கிறது? உள்ள உன் மகளா? வாயெல்லாம் ரத்தமா இருக்கு, இவரு கோட்டை அளந்துக்கிட்டு நிக்காரு."

அப்போதுதான் இன்னாசி திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஓடி வந்து கதவைத் திறந்தார். அவள் அவர் கையைப் பிடிக்காமல் தானாக இறங்கினாள்.

அங்கேயே ஒரு டாக்டர் உதட்டில் தையல் போட்டார். நானும் அவளும் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போனோம். பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள், தையல் போட்ட வாயோடு. "அப்பா ஓட்டுனா இனிமே நான் ஏற மாட்டேம்மா."

இன்னும் ஒரு மேம்பாடு

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகவே காஜா பாயைப் பார்க்கப் போனேன். வண்டி அங்கேதான் பின்பக்கம் நசுங்கி நின்றது. மணல் மூட்டை கிழிந்து டிக்கியெல்லாம் மணல்.

"பாய், அந்தப் பழைய பிரேக்கையே திருப்பி மாட்டிக் கொடுத்துருங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் அன்னிக்கே இரும்புக் கடைக்குப் போயிருச்சு டீச்சர்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது கிடக்கட்டும். எம்புட்டு தூரத்துல நின்னுச்சு? மாஸ்டர் ஒரு சாணுங்கிறாரு. நெசந்தானா?" என்றார். கண்ணில் அப்படி ஒரு பெருமை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னாசி சும்மா இருக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவருக்கு எப்போதும் தொண்டைக்கு மேலே வராது. பதிலாக ஒரு காரியம் செய்தார். முன் சீட்டுகள் இரண்டின் முதுகிலும் தடித்த பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். ஸ்டெல்லாவுக்குப் பிடித்த நீல நிறத்தில்.

அடுத்த லீவுக்கு வந்துவிட்டு அவள் விடுதிக்குக் கிளம்பியபோது கதவைத் திறந்து காட்டினார். "இனிமே வாய் இடிச்சாலும் வலிக்காதும்மா."

அவள் பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அவளோடு நடந்து போய் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார் இன்னாசி. வந்ததும் காரைத் துடைக்க ஆரம்பித்தார். இருட்டும்வரை துடைத்தார்.

நாச்சிமுத்துவின் மரியாதை

அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

"எதுக்கு மேரி? நான் இருக்கேன்ல?" என்றார் இன்னாசி.

"அதுக்குத்தாங்க" என்றேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாச்சிமுத்து. பாலசமுத்திரத்துக்காரர். கொங்கு மரியாதை அவரை எந்த ஆபத்திலும் கைவிட்டதில்லை. எதிரில் லாரி வந்தால்கூட, "ஏனுங்க டீச்சர், ஒரு லாரி வருதுங்க, உங்களுக்கு இஷ்டமிருந்தா கொஞ்சம் இடது பக்கம் ஒடிச்சுக்கலாமுங்க" என்பார். அந்த வாக்கியம் முடிவதற்குள் லாரி போயே போய்விடும். நல்லவேளையாக அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. முதல் நாட்களில் வண்டியை ஓட்டியது நானா அவரா என்று சொல்வது கஷ்டம்.

"ஒரே பயமா இருக்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டுமுங்க. பயம் போயிருச்சுன்னா எங்கிட்ட சொல்லுங்க, நான் இறங்கிக்கிறனுங்க" என்றார்.

லைசென்ஸ் வந்தது. இன்னாசி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சாவி

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஸ்டெல்லாவை அழைத்துவர இரண்டு பேரும் காரில் போனோம். போகும்போது அவர்தான் ஓட்டினார். அவளுக்கு எங்கள் யோசனை தெரியாது. எங்களுக்கும் அப்படி ஒன்றும் யோசனை இல்லை. சாமான் அதிகம், பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று சொல்லிப் பார்க்கலாம் என்பதுதான் அவர் கணக்கு.

விடுதி வாசலில் பெட்டிகளோடு நின்றாள். காரைப் பார்த்ததும் முகம் மாறியது. "பெட்டிய மட்டும் ஏத்திக்கோங்கப்பா. நான் பஸ்ல வாரேன்."

இன்னாசி பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். டிக்கியைச் சாத்தினார். திரும்பவும் திறந்து பார்த்தார், திரும்பவும் சாத்தினார். அவராகச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார்.

"கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்கும்" என்றார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

திருச்சியைத் தாண்டும்வரை நான் இரண்டாவது கியரை விட்டு மாறவே இல்லை. அதைவிட மோசம் பக்கத்து சீட்டு. என்றைக்கும் கடைசி நொடிவரை பிரேக்கைத் தொடாத மனிதர், ஓரமாகப் போன சைக்கிளுக்கெல்லாம் வலது காலால் கால்மிதியை அமுக்கினார். காக்கை தாழப் பறந்தால் அமுக்கினார். மணப்பாறைக்குள் அவர் மிதித்த மிதிக்கு அங்கே உண்மையாகவே பிரேக் இருந்திருந்தால் நாங்கள் ஊர் வந்து சேர்ந்திருக்கவே மாட்டோம்.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"கால் மரத்துப்போச்சும்மா."

வையம்பட்டி அருகே முன்னால் போன பஸ் கைகாட்டாமல் ஓரங்கட்டி நின்றது. நான் கொஞ்சம் முன்பே காலை எடுத்து, மெதுவாக மிதித்து, பஸ்ஸுக்கு நல்ல தூரத்தில் நின்றேன். யார் தலையும் முன்னால் போகவில்லை. அந்த பிரேக்குக்கு இப்படி நிற்கவும் தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இன்னாசி முன்னால் கிடந்த காலி ரோட்டைப் பார்த்தார். "இம்புட்டு தூரத்துலயே நிறுத்திட்ட?"

"ஒண்ணும் அவசரம் இல்லீங்களே."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், வலது காலை மடக்கி சீட்டுக்கு மேலே வைத்திருந்தார்.

வடமதுரை தாண்டியதும் பின்னாலிருந்து ஸ்டெல்லா என் தோளைத் தொட்டாள். "அம்மா, அப்பா தூங்குறாரு" என்று காதோடு சொன்னாள்.

பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. சாமான் கனத்தில் கட்டி ஸ்பிரிங் அன்று மெத்தையாக அமுங்கிக் கொடுத்தது. பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் அவர் விழிக்கவில்லை. இந்தக் காரில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் திண்டுக்கல்லுக்குள் நுழைந்தோம். எங்கள் தெரு வந்தது. வீடும் வந்தது. ஸ்டெல்லா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். இன்னாசி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் பிரேக் போடவில்லை. வாசலைத் தாண்டி, அப்படியே பழனி ரோட்டுப் பக்கம் திருப்பினேன்.